கதவும் தகவும்: தமிழில் எழுத்துமாற்றுப் புதிர்கள்

கொல்கத்தாவில் நம் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறுதோறும் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலையைச் சில வருஷங்களாகச் செய்து வருகிறேன். வேலை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு பலகை, யாராவது ஒரு வீட்டிலிருந்து வரும் சுண்டல், அவ்வளவுதான். பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். "தண்ணி குடுங்க", "நாளைக்கு வரேன்" எல்லாம் தடையில்லாமல் வரும். எழுத்தைக் காட்டினால் மட்டும் தலை குனிந்துவிடும்.

ஒரு நாள் பாடத்தைக் கொஞ்சம் விளையாட்டாக்கலாமே என்று பலகையில் வு, த, க என்று மூன்று எழுத்துகளைக் கலைத்துப் போட்டேன். "இதை ஒழுங்கா அடுக்கினா வீட்டுல இருக்கிற ஒரு சாமான் வரும், என்னது?" என்று கேட்டேன். பதில் இல்லை. பிள்ளையை அழைத்துப் போக வந்திருந்த ஒரு தகப்பனார், நல்ல மனிதர், மெதுவாகச் சொன்னார்: "சார், இதையே இங்கிலீஷ் எழுத்துல போடுங்களேன். சட்டுனு கண்டுபிடிச்சுடுவாங்க." அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது, எங்கேயோ இடிக்கிற மாதிரியும் இருந்தது. எங்கே இடிக்கிறது என்று தேடிப்போனதில் கிடைத்தவற்றைத்தான் இம்மலரில் எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னபடியே செய்து பார்ப்போம். கதவு என்பதை ரோமன் எழுத்தில் எழுதினால் ஏழு எழுத்து வரும். அதில் ஓர் எழுத்து இரண்டு தடவை வருகிறது. இந்த ஏழையும் கலைத்தால் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 2520 வருகிறது. தமிழில் மூன்றே எழுத்து. ஆறே விதம்தான்: கதவு, கவுத, தகவு, தவுக, வுகத, வுதக. இந்த ஆறிலும் இரண்டை யோசிக்காமலேயே தள்ளிவிடலாம். காரணம், 'வு' தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. வகர மெய் உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிரோடு சேர்ந்து சொல்லைத் தொடங்காது என்று தொல்காப்பியமும் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. மிச்சம் நாலு. அதில் இரண்டுக்குப் பொருள் இருக்கிறது. ஒன்று கதவு. இன்னொன்று தகவு, அதாவது தகுதி, நடுவுநிலை, பெருமை. பிள்ளைகளுக்கு வைத்த புதிர் எனக்கே ஒரு பாடமாகிவிட்டது. நான் ஒரு விடையை நினைத்துப் போட்டேன், மொழி இரண்டு விடையை வைத்திருந்தது.

நம் எழுத்தின் அமைப்பு இங்கேதான் தெரிகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்று ஒப்பித்திருப்போம். ஆங்கிலத்துக்கு 26 போதுமே, நமக்கு ஏன் இவ்வளவு பாரம் என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் புதிர் என்று வரும்போது இந்த உயிர்மெய் ஒரு பெரிய வசதி. 'கா' என்பது பிரிக்க முடியாத ஒரே காய். தாகம் என்பதைக் கலைத்துக் காதம் ஆக்க முடியாது. அதில் இருப்பவை தா, க, ம். இதற்கு வேண்டியவை கா, த, ம். காலை ஒருவரிடமிருந்து பிடுங்கி மற்றவருக்கு ஒட்டவைக்க ஆட்டத்தில் அனுமதி இல்லை. ரோமன் எழுத்தில் அது நடந்துவிடும். போதாததற்கு அங்கே பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். பள்ளிக்கூடத்துக்கும் சுவரில் ஓடும் பல்லிக்கும் வித்தியாசம் தெரியாத புதிரில் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

இன்னொரு வசதியும் இருக்கிறது. மாணவர் என்ற நாலெழுத்தைக் கலைத்தால் 24 விதம். 'ர்' என்ற புள்ளி எழுத்து முதலில் வராது, ஆறு போயிற்று. 'ண' முதலில் வராது, இன்னும் ஆறு போயிற்று. பாதி வேலை இலக்கணமே செய்துவிடுகிறது. இதேபோல க், ச், ட், த், ப், ற் என்ற வல்லினப் புள்ளிகள் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. ட, ண, ற, ன, ள, ழ எல்லாம் முதலில் நிற்காது. லட்டும் ரயிலும் டிக்கெட்டும் இந்தச் சட்டத்தை மீறி வந்தவை, அவற்றை விட்டுவிடுவோம். மொழிமுதல், மொழியிறுதி என்று நம்மைப் பள்ளிக்கூடத்தில் மிரட்டிய விதிகள் புதிர் போடுகிறவனுக்கும் அவிழ்க்கிறவனுக்கும் கையில் கொடுத்த துப்பு. எனக்கு இது அறுபது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

எழுத்தை மாற்றினால் பொருள் எப்படிப் புரளுகிறது என்பதற்குச் சில உதாரணங்கள். தவம் புரண்டால் வதம். புராணங்களில் அசுரர்கள் கதையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. பகடி புரண்டால் கபடி. வதனம் புரண்டால் தவனம், பூக்காரம்மா கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறாளே, அந்த வாசனைத் தழை. சிவா திரும்பினால் வாசி. சித்தர் மரபில் வாசி என்றால் மூச்சு. இந்தத் திருப்பத்தை அவர்கள் சும்மா சொல் விளையாட்டாக விடவில்லை, மூச்சுப் பயிற்சிக்கே ஒரு குறிப்பாக வைத்துக்கொண்டார்கள். அரசியல் பிடித்தவர்களுக்குக் கோவை புரண்டால் யார் வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சதம் புரண்டால் தசம். நூறு பத்தாகிவிடுகிறது! இது தமிழ் எழுத்தில் மட்டுமே நடக்கும் அதிசயம். வங்காளியில் நூறைக் குறிக்கும் சொல்லுக்கு ஒரு தகரம், பத்தைக் குறிக்கும் சொல்லுக்கு வேறு தகரம். எழுத்தே வேறு என்பதால் அங்கே இந்தப் புதிர் விழாது. நமக்கு ஒரே 'த' இரண்டு ஒலிக்கும் நிற்பதால் விழுகிறது. தமிழ் எழுத்தில் ஒலி வேறுபாடு போதவில்லை என்று குறை சொல்பவர்கள் இந்த லாபத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

வங்காளி என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கண்டு மிரள்கிறார்களே தவிர, அவர்களில் பலர் பள்ளியில் வங்காள எழுத்துப் படிக்கிறார்கள். வித்யாசாகர் 1855இல் எழுதிய 'வர்ணபரிசய்' வழியில் வந்த அரிச்சுவடிதான் அது. அங்கேயும் மெய்யோடு உயிர் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆ-கார், இ-கார் என்று ஒவ்வோர் ஒட்டுக்கும் பெயர் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாம் 'கொ' எழுதும்போது எழுத்தின் இரண்டு பக்கமும் குறி போடுகிறோம் இல்லையா, வங்காளியிலும் ஓ-கார் இரண்டு பக்கமும்தான் நிற்கிறது. ஆகவே இந்தப் பிள்ளைகளுக்கு உயிர்மெய் புதிதே இல்லை. தமிழுக்குப் போக ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவது, லேக் மார்க்கெட்டிலிருந்து ராஷ்பிகாரி அவென்யூவுக்கு வர ஹவுராவைச் சுற்றுவது மாதிரி.

வங்காளப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேடிக்கைச் சொற்றொடர் உண்டு: ரமாகாந்த காமார். காமார் என்றால் கொல்லர். அவர்கள் எழுத்தில் இது ர, மா, கா, ந்த, கா, மா, ர என்று ஏழெழுத்து. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. நம்முடைய விகடகவி மாதிரி. இதை நம் வகுப்பில் ஒரு பையன் பெருமையாகச் சொன்னான். "சரி, இதையே தமிழ்ல எழுதித் திருப்பிப் படி" என்றேன். எழுதினான். ர, மா, கா, ந், த, கா, மா, ர். எட்டெழுத்து! திருப்பினால் நொண்டுகிறது. ஏன் என்று அவனே கண்டுபிடித்தான். வங்காளியில் 'ந்த' என்பது பின்னிப் பிணைந்த ஒரே கூட்டெழுத்து. தமிழில் புள்ளி வைத்த 'ந்' தனி, 'த' தனி. கடைசி 'ர'வுக்கும் அவர்கள் புள்ளி வைப்பதில்லை, வாயில்தான் மெய்யாக ஒலிக்கிறது. நாம் எழுத்திலேயே 'ர்' என்று காட்டிவிடுகிறோம். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் சொன்னதன் பயன் என்ன என்று நான் பத்து வாரம் பேசியிருந்தாலும் அவனுக்கு ஏறியிருக்காது. ரமாகாந்த கொல்லர் ஐந்து நிமிஷத்தில் ஏற்றிவிட்டார்.

இந்த மண்ணுக்கும் எழுத்துமாற்றுக்கும் இன்னொரு பழைய உறவு இருக்கிறது. வழிப்பறிக்காரன் ரத்னாகரன் வால்மீகியான கதையை நம் வீடுகளிலும் கேட்டிருப்போம். பாவம் செய்த வாய்க்கு 'ராம' என்ற நாமம் வரவில்லை. 'மரா மரா' என்று சொல்லச் சொன்னார்கள், விடாமல் சொல்லச் சொல்ல அதுவே 'ராம ராம' ஆயிற்று. வங்காளத்தில் இந்தக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது நதியா மாவட்டத்துப் புலியாவில் பிறந்த கிருத்திவாசரின் 15ஆம் நூற்றாண்டு ராமாயணம். அங்கே 'மரா' (வாயில் மொரா) என்றால் செத்தது, உயிர் போனது. செத்த சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லி உயிருள்ள நாமத்துக்கு வந்தான் என்பது வங்காளியின் காதில் தானாக விழும் பொருள். தமிழ்க் காதில் அது விழாது. நமக்கு மரா என்றால் ஒரு மரம். கம்பனில் ராமன் ஒரே அம்பால் ஏழு மரங்களைத் துளைக்கும் பகுதிக்கு மராமரப் படலம் என்றே பெயர். ஆகவே நம் பாட்டிமார் கதை சொல்லும்போது எதிரில் நிற்கும் மரத்தைக் காட்டி 'மரா' என்று சொல்லச் சொன்னதாகச் சொல்வார்கள். எழுத்து ஒன்று, புரட்டல் ஒன்று, அன்றாடச் சொல்லின் பொருள் மாறியதால் கதையின் சாயலே மாறிவிட்டது. இரண்டு காதும் உள்ள நம் பிள்ளைகளுக்கு இரண்டு கதையும் கிடைக்கும்.

சம்பந்தர் முதல் தண்டி வரை

தமிழில் எழுத்தை வைத்து ஆடிய ஆட்டம் இன்று நேற்று வந்ததில்லை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீகாழியைப் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் 117ஆவது பதிகமாக இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு, கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டு. இதைப் பற்றி மேடையில் வியந்து பேசுவார்கள், எப்படிச் செய்தார் என்று பார்ப்பவர்கள் குறைவு. முதல் பாட்டை எடுத்துப் பாருங்கள். புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் நெடில். புள்ளி எழுத்துத் திரும்பினால் சொல்லுக்கு முதலில் வந்து இடறும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் வகுப்புப் பையன் ரமாகாந்தனிடம் கண்டுபிடித்த அதே சிக்கல்!

பின்னால் இவற்றுக்கு இலக்கணமே வந்தது. வடமொழியில் தண்டி எழுதிய காவியாதரிசத்தின் மூன்றாம் பகுதி மடக்கு, சித்திரம், பிரஹேலிகா என்னும் புதிர் வகைகள் ஆகியவற்றைப் பேசுகிறது. பிரஹேலிகா இன்றைக்கும் வங்காளியில் புழங்கும் சொல், புரியாத புதிருக்கு அவர்கள் 'ப்ரொஹேலிகா' என்பார்கள். அந்நூலைத் தழுவிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரம், சொல்லணியியலில் சித்திரகவி பன்னிரண்டைச் சொல்கிறது. சக்கரம், நாகபந்தம் என்று படம் போட்டு எழுத்தை அடைக்கும் வகைகளை விட்டுவிடுகிறேன், அவை கண்ணுக்கு அழகு, பொருளுக்குப் பெரும்பாலும் பஞ்சம். பண்டிதர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆனால் இரண்டு மூன்று வகைகள் இன்றைய பத்திரிகைப் புதிர்களுக்குக் கொள்ளுப்பாட்டி முறை.

அக்கரச் சுதகம் என்பது எழுத்தை ஒவ்வொன்றாக உதிர்ப்பது. தாமதம் என்ற சொல்லில் முதலெழுத்தை எடுத்தால் மதம். அதிலும் முதலெழுத்தை எடுத்தால் தம். அடியிலிருந்து ஏற்றிக்கொண்டே போனால் எழுத்து வருத்தனம், வருத்தனம் என்றால் இங்கே வளர்ப்பது. வினாவுத்தரம் இன்னும் சுவை. சில கேள்விகளைக் கேட்டு, அவற்றின் விடைகளைச் சேர்த்தால் ஒரு பெயர் வர வேண்டும். நம் பிள்ளைகளுக்காக நான் கட்டியது இது: "தூக்காதே என்பதற்கு என்ன சொல்வாய்? வை. எதில் வைக்க? கை. மதுரைக்காரன் எதைப் பார்த்து ஏங்குவான்? வைகை." காதை கரப்பும் கரந்துறைச் செய்யுளும் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பவை. இவற்றுக்கெல்லாம் முன்னாலேயே தொல்காப்பியர் செய்யுளியலில் பிசி என்று விடுகதைக்கு இடம் கொடுத்துவிட்டார். விடுகதை படித்தவன் படிக்காதவன் இருவருக்கும் சொந்தம். எழுத்துப் புதிர் எழுத்துத் தெரிந்தவனுக்கு மட்டும். நம் வகுப்பில் வந்த தகராறும் இந்த இடத்தில்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினொன்றாம் தொகுதி, ஒரே சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்வது. அதைச் சொற்களின் இரண்டாம் எழுத்தை வைத்து, அதாவது எதுகைப்படி அடுக்கியிருக்கிறார். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். இரண்டாம் எழுத்துத் தெரிந்தால் சொல் நினைவுக்கு வரும், சொல் வந்தால் அதன் பொருள்கள் வரிசையாக வரும். குறுக்கெழுத்துக் கட்டத்தில் நடு எழுத்து மட்டும் தெரிந்து விழிப்பவருக்கு இதைவிட நல்ல கருவி ஏது? சொற்களை முதலெழுத்து வரிசையில் வைக்கும் முறை 1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டில் தலைகாட்டுகிறது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு விதமாகச் சொல்லைத் தேட வழி செய்தது. அதில் தொடையகராதி எதுகைக்காக.

இந்த வரிசையில் வந்த பெரிய வேலை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924இல் வெளிவரத் தொடங்கி 1936இல் ஆறு தொகுதிகளாக முடிந்தது, 1939இல் அனுபந்தம் வந்தது. ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை (1891-1956). அவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? நம் ஊரில்! அலிப்பூரில் இருக்கும் தேசிய நூலகத்தில் அவர் பெயராலேயே ஒரு தொகுப்பு இருக்கிறது. மிருகக்காட்சிச் சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம், அதற்குப் பக்கத்திலேயே தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் தேடிய ஒருவருடைய அலமாரிகள் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இங்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

உறைக்குள் இருந்த விடை

1913 இரண்டு விதத்தில் ஞாபகம் வைக்க வேண்டிய வருஷம். அந்த வருஷம் மே மாதம் கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் செய்தி, சந்தேஷ் என்றால் மிட்டாய்க்கடைப் பண்டம். பத்திரிகையின் பெயரே ஒரு சிலேடை. நமக்கும் சந்தேசம் என்றால் செய்திதான், இனிப்பு மட்டும் இல்லை. அவர் மகன் சுகுமார் ராய் சொல் விளையாட்டில் மன்னர். பேரன் சத்யஜித் ராய் 1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து அந்தப் பத்திரிகைக்கு மறுபடி உயிர் கொடுத்தார். ராய் எழுதிய ஃபெலுதா கதைகளில் பூட்டின் எண்ணைக் கிளியின் பேச்சில் ஒளித்து வைத்த கதையும் உண்டு. அதே 1913 டிசம்பர் 21ஆம் தேதி நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டு வெளியிட்டார். குறுக்கெழுத்துப் புதிர் அப்படித்தான் பிறந்தது.

அது தமிழுக்கு வந்தபோது பணத்தோடு வந்தது. 1930களில் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன் பரிசு வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. வேறு பல பத்திரிகைகளும் நாடெங்கும் நடத்தின. இங்கே ஒரு சங்கடம். மேலே பார்த்தோமே கதவு, தகவு? குறிப்பைக் கொஞ்சம் மழுப்பி எழுதினால் இரண்டுமே பொருந்தும். எது சரி என்பதை உறைக்குள் முன்பே முத்திரையிட்டு வைத்த விடை முடிவு செய்யும். அறிவால் இரண்டையும் கண்டுபிடித்தவன், கடைசியில் காசைச் சுண்டிப் பார்க்க வேண்டியதுதான். ஜெயிக்க வேண்டும் என்றால் இரண்டு கூப்பன், நாலு கூப்பன் என்று அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இது புதிரா, சூதாட்டமா?

1955இல் பாராளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. எழுத்துகளையும் சொற்களையும் எண்களையும் சேர்ப்பது, அடுக்குவது, இடம் மாற்றுவது ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட எந்தப் புதிருக்குப் பரிசு கொடுத்தாலும் அது இச்சட்டத்துக்குள் வரும் என்றது. எழுத்துமாற்றுக்கு இவ்வளவு துல்லியமாக விளக்கம் எழுதியவர்கள் தண்டிக்குப் பிறகு நம் சட்ட அமைச்சகத்தார்தான் என்று தோன்றுகிறது. மாதம் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, வரும் விடைகள் இரண்டாயிரத்துக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். பெரிய போட்டிகள் நடத்தி வந்த சமர்பாக்வாலா வழக்குப் போட்டார். 1957 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டப் போட்டிகளை மட்டுமே கட்டுப்படுத்தும், பெருமளவு திறமையால் வெல்லும் போட்டிகளைத் தொடாது என்று தீர்ப்புச் சொன்னது. லட்ச ரூபாய்க் கனவு போனது. பரிசு போன பிறகு மிஞ்சியது புதிர் மட்டும். எனக்கு அது நல்லதாகத்தான் படுகிறது.

பேத்தி எழுதிய குறிப்பு

மறுபடி வகுப்புக்கு வருகிறேன். எழுத்து ஓரளவு பிடிபட்ட பிறகு, பிள்ளைகளையே புதிர் போடச் சொன்னேன். ஒரு சொல்லை எடுத்து எழுத்தைக் கலைக்க வேண்டும், பக்கத்தில் பொருள் குறிப்பு எழுத வேண்டும். என் பேத்தி ம், ர, அ, ச, வ என்று போட்டு, "தாத்தா இப்ப இதுலதான் இருக்கார்" என்று குறிப்பு எழுதியிருந்தாள். அவசரம் என்று எனக்கு விடை கிடைத்துவிட்டது, குறிப்புத்தான் புரியவில்லை. "நான் என்னம்மா அவசரத்துல இருக்கேன், சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்?" என்றேன். "அதான் தாத்தா! நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கள்ல?" என்றாள்.

வங்காளியில் 'ஒபொஷோர்' என்றால் ஓய்வு. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கும் அதே சொல்தான். எழுத்தில் பார்த்தால் நம் அவசரம். நாம் பரபரக்கும்போது சொல்லும் சொல்லை அவர்கள் காலை நீட்டி உட்காரும்போது சொல்கிறார்கள். யார் தப்பு? யாரும் இல்லை. வடமொழியில் அவசரம் என்றால் சமயம், வாய்ப்பு, தருணம். ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பிப்பதில் 'பெரிய அவசரம்' என்று ஒன்று இருக்கிறது, அங்கே இன்றும் பழைய பொருள்தான். சமயம் கிடைத்தது என்பது வங்காளத்தில் ஓய்வானது. சமயம் போகிறது என்பது நம்மிடம் விரைவானது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க நாங்கள் இதையே வேட்டையாடினோம். 'உபொன்யாஷ்' அங்கே நாவல், இங்கே உபன்யாசம் ராமாயணப் பிரசங்கம். 'ராக்' அங்கே கோபம், நம் ராகம் சங்கீத சபையில். 'ஷிக்கா' அங்கே கல்வி, நம் ஊரில் சிட்சை என்றால் பெரும்பாலும் தண்டனை. சங்கீத சிட்சை என்ற வழக்கில் மட்டும் பழைய பொருள் பிழைத்திருக்கிறது. அடியாத மாடு படியாது என்று நினைத்த வாத்தியார்களின் கைங்கரியமாக இருக்கலாம். 'சேஷ்டா' அங்கே முயற்சி, நல்ல பிள்ளையின் லட்சணம். இங்கே சேட்டை செய்தால் அடி விழும். போதாக்குறைக்குத் தமிழில் மூதேவிக்கும் சேட்டை என்று பெயர். அது ஜ்யேஷ்டா என்ற வேறு சொல்லிலிருந்து வந்து இதோடு மோதிக்கொண்டது. 'ஷொங்ஷார்' அங்கே குடும்பம் முழுதும், நம் பெரியவர்களுக்குச் சம்சாரம் என்றால் மனைவி ஒருத்தி.

எனக்கு மிகவும் பிடித்தது அபிமானம். நாம் ஒருவர் மேல் அபிமானம் வைக்கிறோம், பற்று. வங்காளியில் 'ஒபிமான்' என்பது நெருங்கியவரிடம், உரிமை உள்ள இடத்தில் மட்டும், மனம் புண்பட்டுப் பேசாமல் இருப்பது. அந்நியரிடம் ஒபிமான் வராது. இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடினேன். ஊடல் என்றால் கணவன் மனைவிக்குள் அடங்கிவிடுகிறது, வீம்பு என்றால் கடுமையாகிவிடுகிறது. பற்று இருக்கும் இடத்தில்தானே இந்த மாதிரி மனத்தாங்கல் வரும்? இரண்டு மொழியும் ஒரே பண்டத்தின் இரண்டு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கின்றன. இதை இரண்டு பக்கமும் பார்க்கிற யோகம் சென்னையில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை.

இங்கிலீஷ் எழுத்தில் போடச் சொன்ன அந்த நண்பருக்கு என் பதில் இதற்குள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் மகன்தான் ரமாகாந்த காமாரைத் தமிழில் எழுதிக் காட்டியவன் என்பதையும் அவருக்குச் சொல்லிவிட்டேன். சிரித்தார். "வீட்ல பலகை வாங்கி மாட்டிட்டோம் சார்" என்றார்.

வகுப்பில் பிள்ளைகள் போட்ட புதிர்களில் மூன்றை இங்கே தருகிறேன், இம்மலர் கைக்கு வந்ததும் வீட்டில் போட்டுப் பாருங்கள். கை, ப, ல: எழுதலாம், உட்காரலாம். டி, ப, க: ஒன்று மூச்சுப் பிடித்து ஆடுவது, ஒன்று வாயால் ஆடுவது. மூன்றாவது என் பேத்தியுடையது. ம், த, வ என்று போட்டு, "துர்கா பூஜையில மஹிஷாசுரனுக்கு முதல்ல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு" என்று எழுதியிருக்கிறாள்.